இருநூறு வருஷத்துச் செங்கல் வீடும் என் இரண்டு வருஷமும்

2021 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், ஒரு சின்ன ஊரின் கடைத்தெருவை ஒட்டி ஒரு பழைய செங்கல் வீடு வாங்கினேன். கணவருக்கு அப்போது சிங்கப்பூரில் வேலை. மகள் பள்ளிக் கடைசி வருஷத்தில் இருந்தாள். வீடு பார்த்தது, விலை பேசியது, கையெழுத்துப் போட்டது, பிறகு இரண்டு வருஷம் தூக்கம் கெட்டு அலைந்தது எல்லாம் நான் ஒருத்திதான். இங்கே எனக்குத் தெரிந்த நம் ஆட்கள் எல்லாரும் புதிதாகக் கட்டிய வீடுகளில்தான் இருக்கிறார்கள். இருநூறு வருஷத்துச் சுவரைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் கிடையாது. அந்த வீட்டை மாதிரி ஒன்றைப் பார்த்து மனசைப் பறிகொடுத்துவிட்டு முன்பணம் கட்டப் போகிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு மனசு போனது அந்த முகப்பின் மேல். சிவப்புச் செங்கல்தான், ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஒரு கல் நீளப்பக்கம் தெரிய, அடுத்த கல் தலைப்பக்கம் தெரிய, மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். தலைப்பக்கம் தெரிகிற கல் எல்லாம் சாம்பலும் நீலமும் கலந்த நிறம். தூரத்தில் நின்று பார்த்தால் கட்டம் போட்ட புடவை மாதிரி இருக்கும். அந்த நீலம் சாயம் கிடையாது. சூளையில் நெருப்புக்கு நேராக இருந்த முனை உருகிக் கண்ணாடி மாதிரி ஆன நிறம். அப்படிக் கல்லைத் தேர்ந்தெடுத்து முகப்பில் கோலம் போட்டிருக்கிறார்கள். ஜன்னல்களுக்கு மேலே கல்லை ஆப்பு வடிவில் தேய்த்துப் பொருத்தியிருந்தார்கள். இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு வெள்ளை நூல் தெரியும், ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். விரலை வைத்துத் தடவினேன், இடைவெளியே தட்டுப்படவில்லை. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

நான் பார்த்தும் பார்க்காமல் விட்டது, அந்த அழகான கல்லைச் சுற்றி இருந்த சாந்து. முகப்பு முழுக்கக் கருஞ்சாம்பல் நிறத்தில், கல்லை விடத் துருத்திக்கொண்டு, விரல் தடிமனுக்குச் சிமென்ட் பூசியிருந்தது. 1980-களில் அப்போதிருந்தவர்கள் 'வீட்டைக் காப்பாற்ற' செய்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் பிற்பாடு சொன்னார். வீடு விற்ற ஏஜென்ட் 'முகப்பு மறுபடி பாயின்டிங் செய்யப்பட்டது', அதாவது கல் இடைவெளிகளில் புதுச் சாந்து வைக்கப்பட்டது, என்று அதை ஒரு சிறப்பாகவே விளம்பரத்தில் போட்டிருந்தார். நானும் நல்ல விஷயம் என்றுதான் நினைத்தேன்.

சர்வே விஷயத்தில் நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே வீடு வாங்குமுன் செய்கிற சர்வேயில் லெவல் 2, லெவல் 3 என்று இரண்டு பரவலாக உண்டு. லெவல் 2 சாதாரண வீட்டுக்கு. பழைய வீடு, பாரம்பரியக் கட்டடம் என்று அரசு பட்டியலிட்ட வீடு, வழக்கமில்லாத முறையில் கட்டிய வீடு என்றால் லெவல் 3 தான். எனக்கு வந்த விலைகளில் இரண்டுக்கும் 700 பவுண்ட் வித்தியாசம். ஏற்கெனவே வக்கீல் செலவு, வரி என்று கை காய்ந்திருந்ததால் லெவல் 2 போதும் என்று விட்டுவிட்டேன். வந்தவர் ஈரமானியைச் சுவரில் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, 'ஓதம் இருக்கலாம், நிபுணரைக் கேட்கவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எந்த நிபுணர் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதல் குளிர்காலத்திலேயே முன்னறைச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் திட்டுத்திட்டாக ஓதம் ஏறியது. பூச்சில் வெள்ளையாக உப்புப் பூத்தது. அலமாரியில் மடித்து வைத்திருந்த பட்டுப் புடவை ஒன்றில் பூசணம் பிடித்த அன்று உட்கார்ந்து அழுதேன். இலவசமாகச் சோதித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். வந்தவர் கையிலிருந்த மீட்டரைச் சுவரில் குத்தினார், அது கத்தியது. 'தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது, சுவரில் துளை போட்டு ரசாயனம் செலுத்த வேண்டும், உள்ளே ஒரு மீட்டர் உயரத்துக்குப் பழைய பூச்சை உடைத்துவிட்டு நீர் புகாத சிமென்ட் பூச வேண்டும், இருபது வருஷ உத்தரவாதம்' என்றார். 4,600 பவுண்ட். 2022 பிப்ரவரியில் மூன்றே நாளில் முடித்துவிட்டார்கள். நன்றி சொல்லி டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

அந்த மீட்டர் ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. இரண்டு முனைகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று பார்த்து ஈரத்தைக் கணிக்கிறது. பழைய சுவரில் உப்பு இருந்தாலே அது கத்தும். இதை எனக்கு யாராவது அன்றைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் ஆதங்கம் இருக்கிறது. சோதனை இலவசம் என்றால் சோதிப்பவரின் சம்பளம் வேலையிலிருந்துதான் வர வேண்டும். ஓதம் பார்க்க, எதையும் விற்காத, பழைய கட்டடம் தெரிந்த ஒருவருக்குக் காசு கொடுத்துக் கூட்டி வாருங்கள். எனக்குப் பிற்பாடு வந்தவர் 400 பவுண்ட் வாங்கினார். வந்தவுடன் வீட்டுக்குள்ளேயே நுழையவில்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு வெளியே இருபது நிமிஷம் நின்றார். வார்ப்பிரும்பு மழைநீர்க் குழாயின் பின்பக்கத்தில், சுவரைப் பார்த்த பக்கம், விரிசல் இருந்தது. அதை ஒட்டிச் சுவரில் பச்சைப் பாசி கோடாக இறங்கியிருந்தது. வெளியே பூச்செடி வைக்க மண்ணைக் கொட்டிக் கொட்டி, வெளித்தரை உள்தரையை விட ஒரு சாண் மேலே போயிருந்தது. குழாயும் மண்ணும், இரண்டையும் சரி செய்ய எனக்கு ஆனது 310 பவுண்ட்.

பழைய சுவர் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் புரிய வைத்தது என் அப்பா. கும்பகோணத்தில் நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். வாட்ஸப்பில் சும்மா ஒரு படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "ஏம்மா, கல்லு சுண்ணாம்புல கட்டினதா இருக்கு, மேல சிமென்ட்ட அப்பி வெச்சிருக்காங்களே, உள்ள போன தண்ணி எந்த வழியாம்மா வெளிய வரும்?" என்றார். இங்கிலாந்தையே பார்க்காத மனிதர். அவரிடம் முதலிலேயே கேட்காமல் போனேனே என்று அன்று நெஞ்சு அடைத்தது.

விஷயம் அதுதான். இப்போது இங்கே கட்டுகிற வீடுகளுக்கு வெளிச்சுவர், உள்சுவர் என்று இரண்டு சுவர்கள், நடுவில் இடைவெளி. மழைத்தண்ணீர் வெளிச்சுவரோடு நின்றுவிடும். அந்த முறை பரவலானது 1920-களுக்குப் பிறகு. அதற்கு முந்தைய வீடுகளில் பெரும்பாலும் ஒரே திண்ணமான சுவர்தான். என் வீட்டு முகப்பு ஒன்றரைக் கல் கனம், பதின்மூன்றரை அங்குலம். மழையில் கொஞ்சம் நனையும், வெயிலிலும் காற்றிலும் காயும். கல்லை விட மெத்தென்று இருக்கிற சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் ஈரம் வெளியேறும். போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824-இல். என் வீடு அதற்கும் முன்னால் கட்டியது. சிமென்ட் கல்லை விடக் கெட்டி, ஈரத்தை எளிதில் விடாது. வழி அடைபட்ட தண்ணீர் கல்லுக்குள்ளேயே தங்கும். வெளியே 1980-களின் சிமென்ட், உள்ளே நான் காசு கொடுத்துப் பூச வைத்த சிமென்ட். சுவரை நானே இரண்டு பக்கமும் மூடிவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் ஓதம் அந்த ஒரு மீட்டர் பூச்சுக்கு மேலே போய்த் தலை காட்டியது.

2022 டிசம்பரில் இங்கே நல்ல பனி, ஒரு வாரத்துக்கு மேல் உறைநிலை. அது விலகின காலையில் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனபோது நடைபாதையில் செம்பொடியும் ஓடு மாதிரிச் சில்லுகளும் கிடந்தன. நிமிர்ந்து பார்த்தால் கல்லின் முகங்கள் உரிந்து விழுந்திருந்தன. உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து விரிந்து, மேல்தோலைத் தள்ளிவிட்டிருக்கிறது. கல்லெல்லாம் பள்ளமாக, அதைச் சுற்றிச் சிமென்ட் மட்டும் தேன்கூட்டுச் சுவர் மாதிரி நின்றது. சூளை நெருப்பில் வெந்த அந்த மேல்தோல்தான் கல்லுக்குக் காப்பு, அது போனால் உள்ளே இருப்பது மிருதுவான மண். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தி மூன்று கல். வீட்டையே கொன்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

அடுத்து வந்தது சட்டம். என் வீடு கிரேடு 2 பட்டியலில் இருக்கிறது. இங்கே 1700-க்கு முன் கட்டி ஓரளவு அப்படியே இருக்கிற கட்டடங்கள் அனேகமாக எல்லாமே பட்டியலில் இருக்கும், 1850 வரையிலானவற்றில் பெரும்பாலானவை இருக்கும். பட்டியலிட்டது வெளி முகப்பை மட்டும்தான் என்று நான் நம்பியிருந்தேன். தப்பு. உள்ளே இருக்கிற பூச்சு, படிக்கட்டு, கதவு எல்லாம் சேர்த்துத்தான். அதன் தன்மையை மாற்றுகிற எந்த வேலைக்கும் உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலிடம் முன் அனுமதி வேண்டும். இல்லாமல் செய்வது 1990-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். சிறைத்தண்டனை வரைக்கும் போகலாம். எனக்கு முன் இருந்தவர் அனுமதி இல்லாமல் செய்திருந்தாலும் அதைச் சரி செய்யச் சொல்லி நோட்டீஸ் இப்போதைய உரிமையாளருக்குத்தான் வரும். அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. நான் உடைத்துப் போட்ட பழைய சுண்ணாம்புப் பூச்சு அந்தக் கணக்கில் வந்தது. வேலை செய்த நிறுவனம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கவுன்சிலின் பாரம்பரியக் கட்டட அதிகாரியை நானே கூப்பிட்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற மாதிரி கை நடுங்கியது. ஆனால் வந்தவர் நிதானமாக எல்லாவற்றையும் பார்த்து, எதை எப்படித் திருப்ப வேண்டும் என்று சொன்னார், எழுதி விண்ணப்பிக்கச் சொன்னார். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, எட்டு வாரத்தில் பதில் வந்தது. மறைக்காமல் போய் நின்றதுதான் என்னைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். வாங்குமுன்பே இரண்டு காரியம் செய்யுங்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கிற அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பட்டியலில் வீட்டைத் தேடிப் படியுங்கள், இலவசம்தான். பிறகு வீட்டில் தெரிகிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று உங்கள் வக்கீலை எழுத்தில் கேட்க வையுங்கள். பட்டியலிட்ட வீட்டு வேலைக்கு வாட் வரி இல்லை என்று பலர் இன்னும் சொல்கிறார்கள். அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு இருந்த அந்தச் சலுகை 2012 அக்டோபரில் போய்விட்டது. பழுது பார்ப்பதற்கு அப்போதும் கிடையாது. எல்லாவற்றுக்கும் 20 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்த்தால் மாடி ஜன்னல்களுக்கு நடுவில் சுவர் லேசாக வயிறு தள்ளியிருந்தது. பழைய கட்டடங்களுக்கென்றே அங்கீகாரம் பெற்ற பொறியாளர்களின் பதிவேடு ஒன்று இருக்கிறது, கேர் (CARE) என்பார்கள். அதிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டேன், 950 பவுண்ட். மாடி ஜன்னலிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அளந்தார். நூலிலிருந்து சுவர் 38 மில்லிமீட்டர் வெளியே இருந்தது. கொத்தனார் ஒருவரை வைத்து வயிற்றுப் பகுதியில் ஒரு நீலக் கல்லை மட்டும் எடுக்கச் சொன்னார். தலைப்பக்கம் தெரிகிற கல் என்றால் அதன் ஒன்பது அங்குல நீளமும் சுவருக்குள் போய், முகப்பையும் பின்னால் இருக்கிற சுவரையும் கோத்துப் பிடிக்க வேண்டும். என் கையில் வைத்த கல் நாலரை அங்குலம்தான் இருந்தது. பின்பக்கம் கரண்டியால் தட்டி முறித்த தடம் அப்படியே தெரிந்தது. அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். முகப்புக்கும் உள்சுவருக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழைகிற சந்து, அதில் உளுத்துப் பொடியான ஒரு மரச்சட்டம்.

அந்தக் காலத்தில் இது சர்வ சாதாரணமாம். முகப்புக் கல் விலை அதிகம், உள்ளே வைக்கிற கல் மலிவு. ஒரு நல்ல கல்லை இரண்டாக முறித்தால் இரண்டு தலைப்பக்கம் கிடைக்கும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. முகப்பில் சாந்து மெல்லிசாகவும் உள்ளே தடிமனாகவும் வைத்ததால் இரண்டின் கல் வரிசைகளும் ஒரே மட்டத்தில் வராது, சில வரிசைக்கு ஒரு முறை மட்டம் கூடும் இடத்தில்தான் முழுக் கல்லைக் கோக்க முடியும். 1784-இல் அமெரிக்க விடுதலைப் போர்ச் செலவுக்காகச் செங்கல்லுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வரி வேறு போட்டார்கள், 1850 வரை இருந்தது. ஆனால் அந்த வரி வருவதற்கு முன்பே முறித்து வைக்கிற பழக்கம் உண்டு என்று பொறியாளர் சொன்னார். சுவர் மட்டமாக நிற்க நடுநடுவே பதித்த மரச்சட்டங்கள்தான் ஓதத்தில் முதலில் உளுக்கும். நான் மயங்கிய அந்தக் கட்டக் கோலம் வெறும் முகம், பின்னால் பிடிப்பே இல்லை. அன்று ராத்திரி முன்பக்க அறையில் படுக்கப் பயந்து மகளோடு பின்னறையில் படுத்தேன்.

நீங்கள் வீடு பார்க்கப் போகும்போது தெருவின் எதிர்ப்பக்கம் போய்ச் சாய்வாக ஒரு தடவை பாருங்கள். ஜன்னல் சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி திறந்திருக்கிறதா, உள்ளே தரைப்பலகை சுவரை விட்டு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். வயிறு இருந்தாலே விழப் போகிறது என்று அர்த்தமில்லை. நூறு வருஷத்துக்கு முன் நகர்ந்து அப்படியே நின்றுவிட்டதும் உண்டு. இன்னும் நகர்கிறதா என்பதைத்தான் பொறியாளர் சொல்ல வேண்டும். என் வீட்டில் நகர்ந்துகொண்டிருந்தது.

2023 ஜூனில் சாரம் கட்டினார்கள். முறுக்குக் கம்பி மாதிரி இருக்கிற துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைச் சாந்து இடைவெளி வழியாக உள்சுவர் வரைக்கும் செலுத்தி முகப்பைக் கோத்தார்கள். உளுத்த மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கல் வைத்துக் கட்டினார்கள். பிறகு சிமென்ட்டைச் சுரண்டும் வேலை. இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். நான் விலை கேட்ட நான்கு பேரில் இரண்டு பேர் கிரைண்டர் வைத்து ஒரு வாரத்தில் முடிப்போம் என்றார்கள். கிரைண்டர் ஒரு மயிரிழை தவறினால் கல்லின் விளிம்பு போய்விடும், அது திரும்ப வராது. நான் எடுத்தவர் உளியும் சின்னச் சுத்தியலும் வைத்து ஏழு வாரம் உட்கார்ந்தார். அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைத் துடைத்து, தண்ணீர் தெளித்து, பிறகுதான் சாந்து. பழைய சாந்தில் ஒரு கட்டியை உடைத்து மணலின் நிறத்தையும் பருமனையும் பார்த்து அதற்கு இணையான மணல் தேடினார். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. வைத்ததை ஈரச் சாக்குப் போட்டு மூடி வெயிலிலும் காற்றிலும் வேகமாக உலராமல் காத்தார். சுண்ணாம்பு வேலைக்கு உறைபனி ஆகாது, அதனால் ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும். நல்ல ஆட்களுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. மாற்றுக் கல்லும் கடையில் கிடைக்காது. இன்றைய கல் 215 மில்லிமீட்டர் நீளம், 65 மில்லிமீட்டர் உயரம் என்று அச்சுப் பிசகாமல் இருக்கும். என் வீட்டுக் கல் ஒவ்வொன்றும் ஒரு அளவு. கையால் அறுத்துச் சுட்டுத் தருகிற சூளையில் சொல்லி வாங்கினோம். முகம் லேசாக மட்டும் உரிந்த சிலவற்றை எடுத்துத் திருப்பி வைத்தார்.

வேலை நடந்த நாட்களில் அப்பாவுக்குத் தினமும் சாயங்காலம் வீடியோவில் காட்டுவேன். அவரும் அந்தக் கொத்தனாரும் என் மொழிபெயர்ப்பில் சுண்ணாம்பு எத்தனை நாள் ஊற வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். "நாங்க கடுக்காய்த் தண்ணி ஊத்துவோம்னு சொல்லு" என்றார் அப்பா. கொத்தனார் குறித்துக்கொண்டார்.

கணக்கு இது, வாட் சேர்த்து. வீணாகப் போன ஓத வேலை 4,600. அதை உடைத்துத் திரும்பச் சுண்ணாம்பு பூச 3,200. ஓதம் பார்த்தவருக்கும் குழாய்க்கும் 710. பொறியாளர் 950. நடைபாதை அனுமதியோடு சாரம் 3,400. கம்பி கோத்து, மரத்தை மாற்றியது 8,700. முகப்பு பாயின்டிங் 6,900. கல் 1,100. மொத்தம் 29,560 பவுண்ட், நம் கணக்கில் அப்போது ஏறத்தாழ முப்பது லட்ச ரூபாய். இதில் 7,800 நான் முதலில் சரியான ஆளைக் கேட்டிருந்தால் செலவே ஆகியிருக்காது. சுவர் விஷயம் லெவல் 3 சர்வேயில் தெரிந்திருந்தால் விலையில் குறைத்துக் கேட்டிருக்கலாம். யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் ஸ்பாப் (SPAB) என்கிற சங்கத்தைத் தேடுங்கள். பழைய கட்டடங்களைக் காக்க வில்லியம் மோரிஸ் 1877-இல் தொடங்கியது. வீட்டுக்காரர்கள் தொலைபேசியில் கேட்டால் ஆலோசனை சொல்கிறார்கள். நான் அவர்களைக் கூப்பிட்டது எல்லாம் கெட்ட பிறகு.

சுவர் காய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முன்னறையில் இப்போது உப்புப் பூப்பதில்லை, அலமாரியைத் திரும்ப அங்கேயே வைத்துவிட்டேன். இந்த வீட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டனில் இருக்கிற க்யூ அரண்மனைக்குப் போய், 1631-இல் இதே அடுக்குமுறையில் கட்டின சுவரின் முன்னால் மகளோடு வெகுநேரம் நின்றேன். எது நீளப்பக்கம், எது தலைப்பக்கம் என்று அவளே வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பின்சுவர் இன்னும் சிமென்ட்டில்தான் இருக்கிறது. அதே கொத்தனாரிடம் அடுத்த மே மாதத்துக்கு நாள் வாங்கியிருக்கிறேன். அதுவரைக்கும் பெருமழை பெய்கிற ராத்திரிகளில் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கத்துக் குழாயின் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.